அரசர் குதிரையிலிருந்து விழுந்த செய்தி

சனி, ஞாயிறு இரவுகளில் எங்கள் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சி என் மனைவியின் ஆட்சிக்குள் போய்விடும். பாட்டுப் போட்டி முடிந்தால் நடனப் போட்டி, அதுவும் முடிந்தால் நூறு நாள் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களின் சண்டை என்று அது நள்ளிரவைத் தொட்டுவிடும். நான் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்து, காதுகளை அடைத்துக்கொண்டு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கொரிய அரண்மனை ஒன்றுக்குள் நுழைந்துவிடுவேன். இப்படியே ஆறேழு ஆண்டுகள் சண்டையில்லாமல் போயிற்று. சென்ற மாதம் ஓர் இரவு, தாயைப் பிரியும் அரண்மனைச் சிறுமி ஒருத்தியைப் பார்த்து நான் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்புதான், அவளுடைய நிகழ்ச்சியில் அழுத ஒரு பையனைப் பற்றி, "எல்லாம் சொல்லிக் கொடுத்து அழவைப்பது" என்று நான் தீர்ப்பு வழங்கியிருந்தேன்.

"நடக்காத கதைக்குக் கண்ணைத் துடைக்கிறீங்க. கண்ணு முன்னாடி நடக்கிறதை நம்ப மாட்டேங்கிறீங்க. இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள்.

அன்றிரவு என்னிடம் பதில் இருக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவனுக்கு, எதை எதனால் நம்புகிறோம் என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போனது வெட்கமாகத்தான் இருந்தது. அதன்பிறகு யோசித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கொரியத் தொடர்கள் எங்கள் வீட்டுக்குள் மகள் வழியாக வந்தன. புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியப் பிள்ளைகள் தமிழ் பேச ஆரம்பித்த காலத்தில் அவள் கல்லூரியில் இருந்தாள். அவள் பார்த்ததெல்லாம் பணக்காரப் பையன்களின் காதல் கதைகள். எனக்கு அவற்றில் ஈடுபாடு வரவில்லை. திருமணமாகிப் போகும்போது, "அப்பா, இதை மட்டும் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று அவள் விட்டுச்சென்றது, எம்பிசி நிறுவனம் 2003-04-இல் ஒளிபரப்பிய 'தே ஜாங்கூம்' என்ற 54 பகுதித் தொடர். அரண்மனை அடுக்களையில் சேரும் அநாதைச் சிறுமி ஒருத்தி, சதிகளில் சிக்கி, எல்லாம் இழந்து, மருத்துவம் கற்று, கடைசியில் அரசருக்கே வைத்தியம் பார்க்கும் நிலைக்கு உயரும் கதை.

அதன் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை இன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அடுக்களைப் பெரியம்மாள் சிறுமிகளுக்கு ஓர் இறைச்சி உணவைக் கொடுத்து, இதில் இனிப்புக்கு எது சேர்ந்திருக்கிறது என்று கேட்கிறாள். எல்லோரும் சர்க்கரை என்கிறார்கள், தேன் என்கிறார்கள். ஜாங்கூம் மட்டும் பெர்சிமன் பழம் என்கிறாள். குன்னூர்ப் பக்கம் விளைவதை நீங்கள் பார்த்திருக்கலாம், தக்காளியைப் போல இருக்கும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. வாயில் போட்டபோது பெர்சிமன் சுவை இருந்தது, அதனால் அப்படிச் சொன்னேன், எப்படி என்று கேட்டால் நான் என்ன சொல்ல என்று திகைத்து நிற்கிறாள். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத தணிக்கைப் பாடம் அது. கணக்குப் புத்தகம் பொய் சொல்லும்போது அது நாக்கில்தான் முதலில் தெரியும். காரணம் பிறகுதான் கிடைக்கும்.

தொடரைப் பார்த்து முடித்ததும், இது நடந்ததுதானா என்று தேடத் தொடங்கினேன். அப்போதுதான் 'ஜோசன் வம்ச ஆண்டேடுகள்' எனக்குத் தெரியவந்தது. கொரியர்கள் சில்லோக் என்கிறார்கள். 1392 முதல் 1863 வரை 472 ஆண்டுகள், 25 அரசர்கள், நாள் தவறாமல் எழுதப்பட்ட அரசவைக் குறிப்பு. யுனெஸ்கோ 1997-இல் இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. செம்மொழிச் சீனத்தில் எழுதப்பட்ட முழுவதையும் தற்காலக் கொரிய மொழியில் பெயர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். கணினி மொழிபெயர்ப்பின் தயவில், தட்டுத்தடுமாறி, நானும் அதற்குள் போய் ஜாங்கூமைத் தேடினேன்.

அந்தப் பெயருக்குரிய குறிப்புகள் ஒரு கைவிரல் கணக்கைத் தாண்டி இன்னொரு கைக்குள் அடங்கிவிடுகின்றன. 1515-இல் அரசர் ஜுங்ஜோங்கின் மனைவி ஆண் குழந்தை பெற்ற சில நாட்களில் இறந்துபோகிறார். மருத்துவப் பெண்ணைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்துகிறார்கள். பிள்ளைப்பேற்றை நல்லபடியாகப் பார்த்ததற்கு அவளுக்குப் பரிசே கொடுத்திருக்க வேண்டும், துயரம் நேர்ந்ததால் கொடுக்க முடியவில்லை, அதற்காக அடிக்கவும் முடியாது என்கிறார் அரசர். 1524-இல், அவளுடைய வைத்தியம் மற்றவர்களுடையதைவிடச் சற்று மேலாக இருப்பதால் அரண்மனையிலேயே இருக்கட்டும் என்று ஒரு குறிப்பு. பெரிய புகழ்ச்சி ஒன்றும் இல்லை. சற்று மேல், அவ்வளவுதான். 1544-இல் அரசர் சாகக் கிடக்கும்போது நலம் கேட்டு வந்த அமைச்சர்களிடம், என் நோய் அந்த மருத்துவப் பெண்ணுக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்புகிறார். அடுத்த மாதம் இறந்துவிடுகிறார்.

அவளுடைய அப்பா யார், அம்மா யார், எந்த ஊர், யாரை விரும்பினாள் என்பதற்கெல்லாம் அதில் ஒரு சொல்லும் இல்லை. அவள் அடுக்களையில் இருந்தாள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அந்தக் காலத்து அரண்மனைச் சமையலில் பெரும்பகுதியை ஆண்களே செய்தார்கள் என்பதால், தொடரின் முதல் பாதி முழுவதும் எழுத்தாளரின் கைச்சரக்கு. இருந்தும் நான் ஏமாற்றப்பட்டதாக நினைக்கவில்லை. ஏனென்றால் ஆவணம் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்ற தையலை, திருச்சியில் ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் கிழவன்கூட விரலால் தடவிப் பார்த்துவிட முடிகிறது.

இந்த ஆண்டேடுகள் எப்படி எழுதப்பட்டன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாவிட்டால் என் வாதம் நிற்காது. அரசவையில் நாள்குறிப்பு எழுதுவதற்கென்றே எட்டு இளநிலை அதிகாரிகள் இருந்தார்கள். பதவியில் சிறியவர்கள், தேர்வில் தேறி வந்த இளைஞர்கள். அரசர் எங்கே அமர்ந்து யாரோடு பேசினாலும் இவர்களில் ஒருவராவது தூரிகையும் தாளுமாக அங்கே இருக்க வேண்டும். அரசர்களுக்கு இது பிடித்ததில்லை. மூன்றாம் அரசரான தேஜோங் காலத்தில், 1401-இல், உள்ளறைப் பேச்சைக் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்ட எழுத்தர் ஒருவர் தொலைதூர ஊருக்குத் துரத்தப்பட்டார். தேஜோங் லேசான ஆள் இல்லை. அரியணைக்காகத் தம்பிகளைக் கொன்றவர்.

அந்தத் தேஜோங் 1404-இல் வேட்டைக்குப் போகிறார். வில்லோடு குதிரையை விரட்டி மான் ஒன்றை எய்யப்போகும்போது குதிரை கவிழ்ந்து, அவரும் விழுகிறார். காயம் ஒன்றும் இல்லை. எழுந்ததும் இடமும் வலமும் பார்த்துவிட்டு, "எழுத்தருக்குத் தெரிய வேண்டாம்" என்கிறார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆண்டேட்டில் அந்த நாளில் அரசர் விழுந்ததும் இருக்கிறது, தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னதும் இருக்கிறது.

நான் இதை முதன்முதலில் படித்த இரவு எழுந்துபோய் மனைவியை எழுப்பலாமா என்று நினைத்தேன். எழுப்பவில்லை. தணிக்கைக்காரனுக்கு அந்த வரியின் அருமை உடனே விளங்கும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் பார்த்த ரொக்கப் புத்தகம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆறு மாதத்துப் பதிவுகள். ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, மை தீர்ந்து பேனா மாறிய இடம் இல்லை, மஞ்சள் கறையோ டீக்கறையோ இல்லை. அத்தனை சுத்தமாக இருந்ததாலேயே ஒரே இரவில் உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிட்டது. நிஜமாக அன்றன்று எழுதிய புத்தகத்தில் எங்காவது ஓரிடத்தில், எழுதியவன் விரும்பாத ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அரசர் மறைக்க முயன்றதும் சேர்ந்தே பதிவாகியிருக்கிற புத்தகத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன்.

அந்தப் புத்தகத்தை அரசர் பார்க்கவும் கூடாது. ஓர் அரசர் இறந்த பிறகுதான் அவருடைய காலத்துக் குறிப்புகளைத் தொகுப்பார்கள். தேஜோங்கின் மகன் சேஜோங், கொரிய எழுத்தையே உருவாக்கிய மாமன்னர், தன் தந்தையின் ஆண்டேட்டைப் பார்க்க 1431-இல் ஆசைப்பட்டார். நீங்கள் பார்த்தால் பின்னால் வருகிறவர்களும் பார்ப்பார்கள், பிறகு எந்த எழுத்தரும் அஞ்சாமல் எழுத மாட்டார் என்று அமைச்சர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் அடங்கிப்போனார். தொகுப்பு முடிந்ததும் மூலக் குறிப்புகளை சோல் நகருக்கு வெளியே ஓடையில் கழுவி மையைக் கரைத்து, தாளை மறுபடி பயன்படுத்தினார்கள். நம் கண்ணுக்கு இது தவறு. மூல வவுச்சரை அழிக்கலாமா? ஆனால் யார் எழுதினார் என்று பின்னால் தேடிப் பழிவாங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 1498-இல் யோன்சான் என்ற அரசன் காலத்தில் ஓர் எழுத்தரின் வரைவு வெளியே கசிந்து, பல தலைகள் உருண்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படிகளும் எடுத்து நான்கு ஊர்களில் வைத்தார்கள். 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பில் மூன்று ஊர்ப் படிகள் எரிந்தன. ஜோன்ஜு நகரத்துப் படியை மட்டும் உள்ளூர்ப் படிப்பாளிகள் இருவர் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய், மாறி மாறிக் காவலிருந்து காப்பாற்றினார்கள்.

இப்படி ஒரு பேரேடு பின்னால் இருப்பதால்தான் கொரியச் சரித்திரத் தொடர்களில் தவறு நடந்தால் அது பிடிபடுகிறது. மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு வந்ததைப் போலவே அவர்களுக்கும் அது கடல் கடந்து வந்தது. 1614-இல் எழுதப்பட்ட ஒரு கொரிய நூல் அதை ஜப்பான் கடுகு என்கிறது. ஆகவே அதற்கு நூறாண்டுகளுக்கு முந்தைய கதையில் மிளகாய் சேர்த்த சிவப்பு கிம்ச்சி ஊறுகாய் வந்தால் பார்வையாளர்கள் விடமாட்டார்கள்; சோழர் அரண்மனைக் குழம்பில் தக்காளி மிதந்தால் நாம் சும்மா இருப்போமா? 2021 மார்ச்சில் எஸ்பிஎஸ் நிறுவனம் தொடங்கிய 'ஜோசன் பேயோட்டி' என்ற தொடரில், மேலே சொன்ன அதே தேஜோங் மக்களைக் கொல்வதாகவும், விருந்து மேசையில் சீனத்து நிலா அப்பங்கள் இருப்பதாகவும் காட்டினார்கள். மக்கள் கொதித்தார்கள், விளம்பரக்காரர்கள் விலகினார்கள், இரண்டே பகுதிகளோடு தொடர் நிறுத்தப்பட்டது. பெரும்பகுதியைப் படம் பிடித்து முடித்திருந்தார்களாம். பேய்க் கதை ஒன்றை ஓர் அப்பத்துக்காக நிறுத்தியது எனக்கு அதிகப்படியாகத்தான் படுகிறது. ஆனாலும் அந்தக் கோபத்துக்கு அடியில், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கிறது என்ற உறுதி இருக்கிறது.

இங்கே நம் பக்கத்துக் கணக்கு ஒன்றையும் திறக்க வேண்டியிருக்கிறது. கொரிய அரசர் சுரோவை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழ் இளவரசி, இயற்பெயர் செம்பவளம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது எனக்கு வருகிறது. எம்பிசி 2010-இல் எடுத்த 'கிம் சுரோ' தொடரிலும் அவர் வருகிறார். அவர் கடல் வழியாக கி.பி. 48-இல் 'ஆயுத' என்ற நாட்டிலிருந்து வந்தார் என்று சொல்லும் சம்குக் யூசா, 13-ஆம் நூற்றாண்டில் ஒரு பௌத்தத் துறவி தொகுத்த நூல். நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அயோத்திக்காரர்கள் அந்த 'ஆயுத' எங்கள் ஊர் என்று 2001-இல் நினைவுச்சின்னமே எழுப்பிவிட்டார்கள். அம்மா, அப்பா என்று கொரியர்களும் ஏறத்தாழ நம்மைப் போலவே அழைக்கிறார்கள் என்பது கேட்க இனிமைதான். ஆனால் செம்பவளத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வவுச்சர் இல்லை.

இனி மனைவியின் கட்சிக்கு வருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் பேத்தி, பதினொரு வயதுப் பிள்ளை, ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் சில சுற்றுகள் வரை போனாள். எந்த நிகழ்ச்சி, எந்தத் தொலைக்காட்சி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். குடும்பத்தார் சுற்று என்று எங்களையும் சென்னைக்கு அழைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்னார்கள். பிள்ளை பாடியபோது இரவு பதினொன்றரை. இடைப்பட்ட நேரத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நான் கண்டவை என் நம்பிக்கையின்மைக்கு அடித்தளம் போட்டன.

மதியம் இரண்டு மணி இருக்கும். மேடையில் யாரும் இல்லை. துடைப்பத்தோடு ஒரு பையன் மட்டும் ஜிகினாத் தாள்களைக் கூட்டிக்கொண்டிருந்தான். ஃப்ளோர் மேனேஜர் என்று ஓர் இளைஞர் காதில் ஒலிவாங்கியோடு வந்து, "பெரியவங்கல்லாம் கொஞ்சம் ஒத்துழைக்கணும், இப்ப கைதட்டல் எடுத்துக்கலாம்" என்றார். காலி மேடையைப் பார்த்துக் கைதட்டினோம். "இப்ப எழுந்து நின்னு." எழுந்து தட்டினோம். "இப்ப அசந்துபோன மாதிரி." அசந்துபோனோம். "கண்ணு கலங்கின மாதிரி யாராச்சும்?" என்று கேட்டபோது எனக்கு முன் வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார், நல்ல அனுபவசாலி போலிருந்தது. துடைப்பத்துப் பையன் ஒருமுறைகூட நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை.

இரவில் பிள்ளை பாடினாள். நன்றாகவே பாடினாள். பாட்டு முடிந்ததும், வெளியூரில் வேலை பார்க்கும் அவளுடைய அம்மா வரவில்லை என்று சொல்லிவைத்திருந்தவர்கள், திடீரென்று மேடையின் பின்பக்கக் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார்கள். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த வேகத்தில் அம்மாவின் தலையிலிருந்த கனகாம்பரச் சரம் கழன்று தோளில் தொங்கியது. நாங்கள் யாரும் சொல்லாமலே அழுதோம். பிறகு, விளக்கு ஒன்று சரியாக எரியவில்லை என்று, அந்த அம்மாவை மறுபடி வெளியே அனுப்பி, பூவைச் சரிசெய்து, கதவைச் சாத்தித் திறந்து, பிள்ளையை மறுபடி ஓடச் சொன்னார்கள். அவள் ஓடினாள், அழுதாள். ஒளிபரப்பான அன்று நான் பூவைத்தான் பார்த்தேன். சரம் தலையில் ஒழுங்காக இருந்தது.

கொரியர்களிடம் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது; நம் மொழியில் சொன்னால் சாத்தானின் எடிட்டிங். ஒருவர் திங்கட்கிழமை காட்டிய முகச்சுளிப்பை, வேறொருவர் வியாழக்கிழமை பாடிய பாட்டுக்குப் பின்னால் ஒட்டினால் பொறாமை பிறந்துவிடும். நூறு மணி நேரம் எடுத்து ஒரு மணி நேரம் காட்டுகிறவனுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எதை விடுவது என்று தெரிந்தால் போதும். சரித்திரத் தொடரில் தவறு கண்டுபிடிக்க எனக்குச் சில்லோக் இருக்கிறது. அந்தத் தொண்ணூற்றொன்பது மணி நேரம் எந்த ஊரில், எந்த மலைக் குகையில் இருக்கிறது?

ஒரேயொரு முறை, ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்றின் பேரேடு தானாகவே வாய்திறந்தது. அதுவும் கொரியாவில்தான். எம்நெட் நிறுவனம் 2016-இல் தொடங்கிய 'ப்ரொட்யூஸ் 101' என்ற வரிசையில், பாட்டுக் குழுவில் இடம்பிடிக்க நூற்றொரு பயிற்சிப் பிள்ளைகள் போட்டியிடுவார்கள். பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். வாக்களிப்பவர்களுக்கு 'தேசத் தயாரிப்பாளர்கள்' என்று பட்டம் வேறு. இறுதிப் போட்டியில் ஒரு குறுஞ்செய்தி வாக்குக்கு நூறு வோன் கட்டணம். 2019 ஜூலை 19 அன்று நான்காம் பருவத்தின் இறுதிப் போட்டி நேரலையில் முடிந்தது. முதலிடத்துக்கு 13,34,011 வாக்குகள். இரண்டாமிடத்துக்கு 13,04,033. வித்தியாசம் 29,978. மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு என்று சில ரசிகர்கள் கழித்துப் பார்த்தார்கள். அதுவும் 29,978. ஆறுக்கும் ஏழுக்கும் அதே. ஏழுக்கும் எட்டுக்கும் அதே. பத்துக்கும் பதினொன்றுக்கும் அதே.

நானும் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், பழைய பழக்கம். இறுதிக்கு வந்த இருபது பேரின் வாக்குகளும் 7494.442 என்ற எண்ணின் முழு மடங்குகள் என்று அந்த ரசிகர்கள் கண்டிருந்தார்கள். அதை 178-ஆல் பெருக்கினால் 13,34,010.676, அதாவது முதலிடம். 174-ஆல் பெருக்கினால் 13,04,032.908, இரண்டாமிடம். 2000-ஆல் பெருக்கிப் பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: பின்னமே இல்லாமல் 1,49,88,884. மொத்த வாக்கு என்று ஒன்றை வைத்துக்கொண்டு, ஆளுக்கு இத்தனை விழுக்காடு என்று அரைக்கால் பிசகாமல் பங்கு பிரித்து, அதிலிருந்து வாக்குகளை வருவித்திருக்கிறார்கள் என்றே என் கைக்குப் படுகிறது. மனிதர்கள் போடும் வாக்கு படிக்கட்டு மாதிரி ஒரே உயரத்தில் ஏறி இறங்காது. ஒரே இரவில் எழுதிய ரொக்கப் புத்தகம் இதுவும். இன்னும் சொல்லப்போனால், அந்த ரசிகப் பிள்ளைகள் முதலில் வாயில்தான் பெர்சிமன் சுவையை உணர்ந்திருப்பார்கள். கழித்தல் கணக்கு பிறகு வந்திருக்கும்.

அதன்பிறகு நடந்தது நீதிமன்றப் பதிவு. நவம்பரில் தயாரிப்பாளர்கள் இருவர் கைது செய்யப்பட்டார்கள். 2020 மே மாதம் ஒருவருக்கு இரண்டு ஆண்டும் மற்றவருக்கு ஓராண்டு எட்டு மாதமும் சிறை. நான்கு பருவங்களிலும் கைவைத்திருந்தார்கள், கடைசி இரண்டில் வெல்லப்போகிறவர்களை முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள் என்பது வெளிவந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், வாக்குகளை மாற்றியதால் விலக்கப்பட்ட பன்னிரண்டு பேரின் பெயர்களை வாசித்தது. நான்காம் பருவத்தில் உருவான பதினொருவர் குழு, அரங்கேறிய ஐந்தாம் மாதத்திலேயே, 2020 ஜனவரியில் கலைக்கப்பட்டது. அந்தப் பதினொரு பையன்களில் நிஜமாகவே வாக்கு வாங்கி வந்தவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கும் அந்த மேடை போயிற்று.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, தாளும் கையுமாக மனைவிக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பெருக்கலைச் சரிபார்க்கக்கூடச் செய்தாள். அவளும் பள்ளியில் கணக்கு எடுத்தவள். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டாள்.

"நம்ம பிள்ளை முதல் தடவை அழுதது நிஜம்தானே?"

ஆமாம் என்றேன். அதை மறுக்க முடியாது. கழன்று விழுந்த சரத்தை நானே பார்த்தேன். அது ஒளிபரப்பாகவில்லை என்பதுதான் என் வாதம். ஆனால், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் அந்த இரண்டாவது அழுகையின் வழியாக முதல் அழுகையைத்தான் பார்க்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, என்னுடைய 54 பகுதித் தொடரும் ஏறத்தாழ அதைத்தானே செய்கிறது என்று தோன்றி வாயை மூடிக்கொண்டேன்.

"உங்க சரித்திரத்துல எல்லாம் சரியா நடக்குதா?" என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேபிஎஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் அந்தத் தேஜோங்கைப் பற்றியே ஒரு பெருந்தொடரைத் தொடங்கியது. பேய் இல்லை, நிலா அப்பம் இல்லை, ஆவணத்தை ஒட்டிய தொடர். அதில் தேஜோங்கின் தந்தை குதிரையிலிருந்து விழும் காட்சி ஒன்று வருகிறது. ஓடிவரும் குதிரையின் முன்புறம் தரையை நோக்கிச் சரிய, உடல் முழுவதும் தலைகீழாகப் புரண்டு விழும். இதுவரை எந்தத் தொடரிலும் இப்படி ஒரு விழுகையைப் பார்த்ததில்லை என்று வியந்து, அந்த இடத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளி இரண்டு முறை பார்த்தேன்.

2022 ஜனவரியில் விலங்குநல அமைப்பு ஒன்று படப்பிடிப்புத் தளத்துக் காணொளியை வெளியிட்டது. குதிரையின் கால்களில் கம்பி கட்டியிருந்தது. பின்னால் ஆட்கள் நின்று, அது முழு வேகத்தில் வரும்போது கம்பியை இழுத்திருக்கிறார்கள். குதிரை கழுத்து மடிய விழுந்து கிடக்கிறது; எல்லோரும் கீழே விழுந்த நடிகரைப் பார்க்க ஓடுகிறார்கள். பந்தயங்களில் ஓடி ஓய்வு பெற்ற அந்தக் குதிரை ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, தொடரைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. நான் வியந்த விழுகை நடிப்பே இல்லை. தேஜோங்கின் ஆண்டேட்டில் குதிரை கவிழ்ந்ததை எழுதியவர், நம் காலத்தில் அந்தத் தளத்தில் இருந்திருந்தால், கம்பியையும் எழுதியிருப்பார். திரையில் பார்த்த எனக்கு அது தெரிய நாக்கும் உதவவில்லை, கணக்கும் உதவவில்லை. யாரோ ஒருவர் படப்பிடிப்புக் காணொளியை வெளியே விட்டதால் தெரிந்தது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போட எழுந்து போனாள். அவள் வென்றுவிட்டதாக நினைக்கவில்லை என்பதை அவள் சர்க்கரை போட்ட விதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

பேத்தி பாடிய அந்தப் பாட்டு யூடியூபில் இருக்கிறது. வீட்டுக்கு உறவினர் யார் வந்தாலும் மனைவி அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவாள். இரண்டாம் நிமிடத்தில், பிள்ளை உச்ச சுரத்தைத் தொடும் இடத்தில், மூன்றாவது வரிசையில் நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன்; கண்கள் கலங்கியிருக்கின்றன. "பாருங்க, அன்னிக்கு எப்படி அழுதாருன்னு" என்று அவள் காட்டுவாள். அது மதியம் இரண்டு மணிக்குத் துடைப்பத்துப் பையனைப் பார்த்துத் தட்டியது, கண்ணில் நீர் வந்தது நேர் எதிரே இருந்த ஏசிக் காற்றால் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். என்னிடம் இல்லை.